கேப்சிடபின் மாத்திரை வீட்டில் கொடுக்கும்போது: அப்பத்தாவுக்கு வரும் திங்கள் முதல் சுற்று

கொத்தமங்கலம்_பேரன்

அப்பத்தாவுக்கு வயது 66. பெருங்குடல் கட்டியை ஆபரேஷனில் எடுத்தாச்சு, ஸ்டேஜ் 3. 21 நாளுக்கு ஒரு தடவை மதுரையில் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து டிரிப். வீட்டில் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை, 500 மி.கி. காலையில் 3, இரவில் 3 என்று 14 நாள், அப்புறம் 7 நாள் இடைவெளி. மொத்தம் 8 சுற்று. உயரம் 150 செ.மீ., எடை 50 கிலோ, சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்டில் கிரியேட்டினின் 1.0. பிரஷருக்கு அம்லோடிபின் போடுறாங்க, சர்க்கரை இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் இரண்டு தடவை வெளிக்குப் போறாங்க.

பழைய வளவு வீடு, முற்றமும் அறைகளுமா ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள். அண்ணிக்கு ஐந்தாம் மாதம், வீட்டில் நாலு வயதுப் பிள்ளையும் இருக்கு. கழிப்பறை மூன்றாம் கட்டுக்குப் பின்னால். டாக்டர் சொன்னதை எல்லாம் எழுதி வச்சிருக்கோம், ஆனா வீட்டுக்குள்ளே என்ன செய்யணும்னு யாரும் விவரமாச் சொல்லலை. மாத்திரையை எங்கே வைக்கிறது, அண்ணி தொடலாமா, தட்டு டம்ளரைத் தனியா வைக்கணும்னு சொந்தக்காரங்க சொல்றது சரியா, எது வந்தா மாத்திரையை நிறுத்தணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மருந்துக்கடை_செக்காலை

தம்பி, முதலில் கணக்கை முடிச்சுக்குவோம். இந்த மாத்திரையில் மருந்தோட குணத்தால் மட்டும் சிக்கல் வர்றதில்லை, எண்ணிக்கைத் தப்பாலும் வருது.

150 செ.மீ., 50 கிலோவுக்கு உடல் பரப்பளவு சுமார் 1.44 சதுர மீட்டர். ஆக்சாலிபிளாட்டினோடு சேர்த்துத் தரும்போது கேப்சிடபின் ஒரு வேளைக்கு சதுர மீட்டருக்கு 1000 மி.கி., அதாவது 1440. மாத்திரைக் கணக்கில் 1500, 500 மி.கி.யில் மூன்று. எழுதிக் கொடுத்தது கணக்கோடு ஒத்துப்போகுது. ஒரு நாளைக்கு 6, 14 நாளைக்கு 84.

இங்கேதான் கவனம். அட்டை பத்துப் பத்தாக வரும். 84 வேணும்னா 9 அட்டை வாங்குவீங்க, 6 மிஞ்சும். "மாத்திரை இருக்கே, தீரட்டும்" என்று பதினைந்தாம் நாளும் கொடுத்துவிடுகிற வீடுகள் உண்டு. அடுத்த தடவை கடைக்காரர் 10 அட்டை கொடுத்தால் இடைவெளி வாரத்தில் ஏறத்தாழ மூன்று நாள் காணாமல் போகும். அந்த 7 நாளில்தான் குடலின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் தேறி வரும். அதைத் தின்றுவிட்டால் அடுத்த சுற்றில் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வரும்.

சுற்று தொடங்கும்போதே 84 எண்ணித் தனியாக எடுத்து, மிச்சத்தை ரப்பர் போட்டு "அடுத்த சுற்று" என்று எழுதி பீரோவில் வைத்துவிடுங்க. தினசரிக் காலண்டரில் காலை, இரவு இரண்டுக்கும் ஒவ்வொரு டிக். திங்கள் பகலில் டிரிப் ஏறினால் பெரும்பாலும் அன்று இரவுதான் முதல் வேளை வரும். அப்படியானால் 28 வேளை முடிவது இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள் காலை. அன்று இரவு கிடையாது. அடுத்த டிரிப் வரைக்கும் மாத்திரை கண்ணில் படவே கூடாது.

கம்பெனி மாறினால் அட்டையைத் திருப்பி மி.கி. பாருங்க. 150 மி.கி. மாத்திரையும் உண்டு. பெட்டியின் நிறத்தை நம்பி வாங்காதீங்க.

நேரம்: இரண்டு வேளைக்கும் நடுவில் ஏறத்தாழ 12 மணி நேரம். சாப்பிட்டு முடித்த 30 நிமிஷத்துக்குள், வெறும் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறும். இந்த மாத்திரையின் அளவெல்லாம் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பார்த்து வகுத்தது. காலை 8 மணிக்கு இட்லியோ இடியாப்பமோ, இரவு 8 மணிக்கு அதே போல. வீட்டில் ராச்சாப்பாடு பத்து மணிக்குத்தான் என்றால் அவங்களுக்கு மட்டும் முன்னாடியே போட்டுவிடுங்க.

ஒரு வேளை விட்டுப்போனால் போனதுதான். அடுத்த வேளையில் ஆறாகக் கொடுக்கக் கூடாது, கடைசியில் ஒரு நாள் நீட்டவும் கூடாது. போட்ட பிறகு வாந்தி எடுத்தாலும் திருப்பிக் கொடுக்காதீங்க. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

கிரியேட்டினின் 1.0 என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் நார்மல். ஆனால் 66 வயது, 50 கிலோ, பெண் என்று போட்டுக் கணக்குப் பார்த்தால் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிஷத்துக்குச் சுமார் 44 மி.லி. தான் வருது. 30-க்குக் கீழே போனால் இந்த மருந்தே கூடாது. 30 முதல் 50 வரை இருந்தால், ஒரு வேளைக்கு சதுர மீட்டருக்கு 1250 மி.கி. என்ற முழு அளவில் தொடங்குகிறவர்களுக்கு முக்கால் பங்காகக் குறைப்பார்கள். 1000-இல் தொடங்கினால் அப்படியே கொடுப்பது உண்டு. அப்பத்தாவுக்கு 1000 தான், அதனால் பதற வேண்டாம். ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறாங்க என்பதை டாக்டரிடம் வாயால் கேட்டு வாங்குங்க. வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால் சிறுநீரகம் இன்னும் தளரும். தளர்ந்தால் மருந்தின் கழிவு உடம்பில் தேங்கும், தேங்கினால் வயிற்றுப்போக்கு இன்னும் கூடும். இந்தச் சுழலில்தான் வயதானவர்கள் மாட்டிக்கொள்வது.

மற்ற மருந்துகள்: அம்லோடிபின் போடலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி எதுவும் போட்டால் உடனே சொல்லணும். கேப்சிடபினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு ஆகும் அளவுக்கு அதன் வேகம் ஏறும், மாத்திரை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை அந்த ஆபத்து இருக்கும். வலிப்புக்கான ஃபெனிடாயின் அளவும் ரத்தத்தில் கூடும். யூரிக் ஆசிட்டுக்கான அலோபுரினால் இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

சிறுகூடல்_மணி

மேலே சொன்னதோட ஒண்ணு. கீமோ எடுக்கிறவங்களுக்குச் சத்து குறையும், கை கால் எரிச்சலும் வரும். தினம் ஒரு பி-காம்ப்ளெக்ஸ், கூட ஒரு இரும்புச்சத்து மாத்திரை போட்டுட்டா தெம்பா இருப்பாங்க. மாத்திரையை விழுங்கச் சிரமப்பட்டா பொடிச்சுத் தேனில் குழைச்சுக் கொடுங்க. என்ன ஆனாலும் நடுவில் நிறுத்திடாதீங்க, கோர்ஸ் கெட்டுப்போகும்.

மருந்துக்கடை_செக்காலை

மணி அண்ணே, நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா மூணும் இந்த மருந்துக்கு ஆகாது.

கடையில் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் பலவற்றிலும், இரும்புச்சத்து மாத்திரைகள் அநேகமாக எல்லாவற்றிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கும். கேப்சிடபின் உடம்புக்குள் 5-எஃப்யூ என்ற புற்றுநோய் மருந்தாக மாறி, செல் பெருகத் தேவையான ஒரு நொதியைப் போய்ப் பிடிக்கிறது. ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் இந்த வகைச் சத்துதான்) இருந்தால் அந்தப் பிடி இறுகும். புற்றுச் செல்லில் மட்டும் இறுகினால் சரி, குடலிலும் வாயிலும் சேர்த்தே இறுகும். அளவு சரியாக இருந்தும் கடுமையான வயிற்றுப்போக்கு வந்ததற்குக் காரணம் தேடினால் சில சமயம் இந்தச் சத்து மாத்திரைதான் அகப்படும். கீரை, பருப்பில் இருக்கும் ஃபோலேட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடட்டும். கை கால் எரிச்சலுக்கு பி6 கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது, பெரிய ஆய்வுகளில் அது தடுப்பு மருந்தாக நிற்கவில்லை.

கொத்தமங்கலம் தம்பி, உங்க வீட்டில் இது இன்னும் முக்கியம். அண்ணி ஐந்தாம் மாதம் என்றால் இரும்பு-ஃபோலிக் அட்டை வீட்டில் இருக்கும். அதுவும் கேப்சிடபினும் ஒரே இழுப்பறையில் கிடக்கக் கூடாது. அண்ணி மாத்திரை அப்பத்தாவுக்கு மாறினாலும் ஆபத்து, அப்பத்தா மாத்திரை அண்ணிக்கு மாறினால் பேராபத்து.

பொடிக்கவே கூடாது. மேல்பூச்சு உடைந்தால் தூள் காற்றில் கலந்து பொடிக்கிறவர் மூக்கிலும் கையிலும் ஏறும். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்க, நரம்பு வழியாகத் தரும் மாற்று இருக்கு. நிறுத்துவதைப் பற்றி டாக்டர் யாராவது எழுதுவாங்க.

தேவகோட்டை_சிஸ்டர்

தம்பி, வீட்டு வேலைப் பக்கத்தை நான் சொல்றேன்.

மாத்திரையை மருந்துக்கடை அட்டையிலேயே வைங்க. திங்கள் செவ்வாய் என்று அறை போட்ட டப்பாவில் மற்ற மாத்திரைகளோடு கலந்து போடாதீங்க. 30 டிகிரிக்குக் கீழே, ஈரம் இல்லாத இடம். நம்ம ஊர் சித்திரை வைகாசியில் சமையல்கட்டு அலமாரியும் ஜன்னல் திண்டும் அதைத் தாண்டிவிடும். இரண்டாம் கட்டில் வெயில் படாத உள்ளறை பீரோ சரி. ஃபிரிஜ் வேண்டாம். மதுரையில் வாங்கிக் காரில் வரும்போது டேஷ்போர்டில் போடாமல் கைப்பையில் வையுங்க. பிள்ளைக்கு எட்டாத உயரம், பூட்டு இருந்தால் நல்லது.

அண்ணி மாத்திரையைத் தொடவே வேண்டாம், அட்டையைப் பிரிக்கவும் வேண்டாம். பால் கொடுக்கிறவங்களுக்கும் இதே விதி. வேறு யாராவது எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் நைட்ரைல் கையுறை போட்டு, அட்டையிலிருந்து நேராக ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் தள்ளுங்க. அந்தக் கிண்ணம் இதுக்கு மட்டும். அப்பத்தாவே எடுத்துப் போட்டுக்க முடிஞ்சா இன்னும் எளிது, அவங்களுக்குக் கையுறை தேவையில்லை. முடிந்ததும் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். மாத்திரை உடைஞ்சு தரையில் விழுந்தால் பெருக்காதீங்க, தூள் பறக்கும். கையுறையோடு ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் கையுறையையும் இரட்டைக் கவரில் கட்டி மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் பையில் போடுங்க.

மருந்து சிறுநீர், மலம், வாந்தியில் கொஞ்சம் வெளியேறும். கடைசி வேளைக்குப் பிறகு 48 மணி நேரம் வரை கவனம் என்பது பொதுக் கணக்கு. அப்பத்தா தினமும் போடுறதால் 14 நாளும், அதுக்கு மேல் 2 நாளும் என்று வச்சுக்குங்க. கழிப்பறைக்குப் போனால் வழக்கமா ஊத்துறதுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் ஊத்தணும். வெஸ்டர்ன் என்றால் மூடியை மூடி இரண்டு தடவை ஃபிளஷ். அதைக் கழுவும் வேலை அண்ணிக்கு வேண்டாம். வாந்தியோ மலமோ பட்ட துணியைக் கையுறையோடு எடுத்து, மற்ற துணியோடு சேர்க்காமல் முதலில் ஒரு தடவை தனியா மெஷினில் போட்டு, அப்புறம் வழக்கம்போல துவைக்கலாம். கல்லில் கையால் அடிச்சுத் துவைக்க வேண்டாம். வியர்வை பட்ட புடவைக்கு இத்தனை கெடுபிடி தேவையில்லை.

கழிப்பறை மூன்றாம் கட்டுக்குப் பின்னால் என்றீங்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு கலக்கி, இருட்டில் மூன்று நிலைப்படி தாண்டி ஓடும்போது விழுவாங்க. சுற்று தொடங்குறதுக்கு முன்னாடியே படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலியும் ராத்திரி விளக்கும் போட்டுடுங்க.

தட்டு, டம்ளர் தனியா வைக்கிறது தேவையே இல்லை. புற்றுநோய் ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவின தட்டில் மருந்தும் ஒட்டியிருக்காது. பிள்ளை மடியில் உட்காரலாம், கட்டிப் பிடிக்கலாம், அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். சொந்தக்காரங்க சொல்றாங்கன்னு ஒதுக்கி ஓரறையில் போட்டா, மருந்தைவிட அதுதான் அவங்களைச் சாப்பிடவிடாமல் செய்யும். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் வந்தால் மட்டும் அந்த நாளுக்குத் தள்ளி வைங்க. அது பிள்ளைக்காக இல்லை, அப்பத்தாவுக்காக.

வாய்க்கு: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஆப்பசோடா போட்டு நாளைக்கு நாலு தடவை கொப்பளிக்கட்டும். புண் வர்றதுக்கு முன்னாடியே தொடங்கணும். கடையில் விற்கும் எரியுற மவுத்வாஷ் வேண்டாம். குழம்பில் மிளகையும் வரமிளகாயையும் குறைச்சுக்குங்க, புண் வந்துட்டா நம்ம ஊர்க் காரம் உள்ளே இறங்காது.

புற்றுநோய்_மருத்துவர்_மதுரை

நிறுத்துவதைப் பற்றி. "கோர்ஸ் கெட்டுப்போகும்" என்ற நினைப்பு ஆன்டிபயாட்டிக்கிலிருந்து வந்தது, இந்த மருந்துக்குப் பொருந்தாது. கேப்சிடபினில் நேரத்துக்கு நிறுத்துவது சிகிச்சையின் ஒரு பகுதி. இரண்டு நாள் நிறுத்தினால் புற்றுநோய் திரும்பி வந்துவிடாது. நிறுத்த வேண்டிய நாளில் இன்னும் நாலு வேளை கொடுத்தால் ஐ.சி.யு. வரை போகலாம்.

வயிற்றுப்போக்கில் வழக்கத்தை விட எத்தனை கூடுதல் என்பதுதான் கணக்கு. அப்பத்தாவுக்கு வழக்கமே நாளைக்கு 2. ஆகவே 24 மணி நேரத்தில் 6 தடவையைத் தொட்டால், அதாவது 4 கூடினால், அடுத்த வேளை மாத்திரை போடாமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைக்கும் போக்கும் அதே கணக்கில் சேரும். வழக்கத்தை விட 7 கூடினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, தலை சுற்றிச் சிறுநீர் குறைந்தாலோ போன் போதாது, நேரில் போக வேண்டும். போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் முதலில் 2 மி.கி. இரண்டு, பிறகு ஒவ்வொரு தண்ணீர்ப்போக்குக்குப் பின்னும் ஒன்று. நாளைக்கு 16 மி.கி.யைத் தாண்டக் கூடாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கூடவே ஓ.ஆர்.எஸ். தூள்: பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில், சின்னதை 200 மி.லி.யில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரை பாக்கெட், கைக்கணக்கு வேண்டாம். ஓ.ஆர்.எஸ். போல அடுக்கி விற்கிற இனிப்பு டெட்ரா பாக்கெட் பானங்களில் சர்க்கரை அதிகம், போக்கைக் கூட்டும்.

காய்ச்சலை நாக்குக்கு அடியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒரு தடவை தொட்டாலே மருத்துவமனை. முதலில் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் தவறு. வெள்ளை அணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதைப் பாராசிட்டமால் மறைத்துவிடும். உங்கள் ஊரிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ ஒன்றரை இரண்டு மணி நேரம். அவ்வளவு தூரம் வரக் காத்திருக்க வேண்டாம். காரைக்குடி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் "கீமோ நடக்கிறது, காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ரத்த அணு எண்ணிக்கை பார்த்து ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும், அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மருந்துப் பெயர், அளவு, கடைசி டிரிப் தேதி மூன்றும் ஒரே தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

நெஞ்சுவலி, நெஞ்சு இறுக்கம் வந்தால் மாத்திரையை அந்த நிமிஷமே நிறுத்தி 108. இந்த மருந்து இதய ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கும். இதயநோயே இல்லாதவர்களுக்கும் வரலாம், அதனால் "வாயு" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்து உட்கார வேண்டாம்.

கை கால் தோல்: கையேடுகளில் "சிவப்பாகும்" என்று போட்டிருக்கும். நம் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால் கறுப்பது, வழவழப்பாக இறுகுவது, மரத்துப் போவதைப் பாருங்கள். வலியில்லாமல் இது மட்டும் இருந்தால் முதல் நிலை, மாத்திரை தொடரலாம். சூடான காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, புடவைக் கொசுவம் வைக்கக் கை வலிக்கிறது என்றால் இரண்டாம் நிலை, நிறுத்திக் கேட்க வேண்டும். கொப்புளம், தோல் பிளந்து நீர் கசிவது மூன்றாம் நிலை. யூரியா 10 சதவீத கிரீம் நாளைக்கு இரண்டு மூன்று தடவை முதல் நாளிலிருந்தே தடவலாம். டெல்லி எய்ம்ஸில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கையில் தடவியவர்களில் இரண்டாம், மூன்றாம் நிலைப் பாதிப்பு 3.8 சதவீதமும், வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதமும் வந்தது. சாதாரண வலி ஜெல்தான், விலையும் குறைவு. உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். மிளகாய், மெந்தால் சேர்ந்த வலி ஜெல் வாங்கிவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக்கை மாத்திரையாக விழுங்குவது வேறு விஷயம். அவங்க சிறுநீரகத்துக்கு அது ஆகாது.

உரசலும் சூடும் இதைக் கூட்டும். அம்மியில் அரைப்பது, உலக்கை பிடிப்பது, கொதிக்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவுவது இந்த எட்டுச் சுற்றுக்கும் வேண்டாம்.

இன்னொன்று. முதல் சுற்றின் முதல் இரண்டு வாரத்திலேயே வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளை அணு இறக்கம் மூன்றும் ஒன்றாகக் கடுமையாக வந்தால், இந்த மருந்தை உடைக்கும் டி.பி.டி. என்ற நொதி உடம்பில் குறைவாக இருக்கலாம். பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள் சிலர் உண்டு. ஐரோப்பாவில் 2020 முதல் மருந்து தொடங்கும் முன்பே இதற்கான பரிசோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். நம் ஊரிலும் பெரிய பரிசோதனைக் கூடங்கள் வழியாகச் செய்யலாம்; திங்களுக்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். பரிசோதனை செய்யாவிட்டால் முதல் சுற்றின் 14 நாளும் ஒரு நாள் விடாமல் அவங்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.

நிறுத்திய வேளைகளைப் பிறகு ஈடுகட்டக் கூடாது. முதல் தடவை இரண்டாம் நிலைப் பாதிப்பு வந்து ஆறினால் பெரும்பாலும் அதே அளவில் தொடர்வோம். இரண்டாம் தடவை வந்தால் முக்கால், மூன்றாம் தடவை பாதி. இதை முடிவு செய்ய உங்கள் காலண்டர் டிக் எங்களுக்கு ரொம்ப உதவும்.

கொத்தமங்கலம்_பேரன்

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், கமோடு நாற்காலிக்கு இன்னைக்கே சொல்லிட்டேன். இன்னும் மூணு சந்தேகம். ஆக்சாலிபிளாட்டினுக்குக் குளிர்ச்சி ஆகாதுன்னு டிரிப் அறையில் சொன்னாங்க, அது எவ்வளவு? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கணும்னு அப்பத்தா பிடிவாதமா இருக்காங்க. கைரேகை அழிஞ்சு போகும்னு ஒருத்தர் சொன்னார், ரேஷன் கடையில் என்ன செய்யறது?

தேவகோட்டை_சிஸ்டர்

குளிர்ச்சி: டிரிப் ஏறிய நாளிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் வரைக்கும் ரொம்பக் கவனம். குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் பட்டால் மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கும். நிஜமாக அடைக்காது, ஆனால் அவங்க பயந்துடுவாங்க. வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தா அடங்கும். ஐஸ் போட்ட மோர், சர்பத், ஃபிரிஜ் தயிர் கிடையாது. ஃபிரிஜ்ஜில் கை விடக் கூடாது. மார்கழி, தை விடியலில் பித்தளைக் குடத்தைத் தொட்டால் விரலில் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆத்தங்குடிக் கல் தரை நமக்குக் குளுகுளுன்னு சுகம், அவங்களுக்கு அந்த வாரம் காலை வச்சா ஊசி குத்தும். சாக்ஸ் மட்டும் போட்டுவிடாதீங்க, அந்தக் கல்லில் வழுக்கும். அடியில் ரப்பர் பிடிப்புள்ள மெத்துச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே போடட்டும். பூஜையறை வாசலில் ஒரு ஜமுக்காளம் விரிச்சுட்டா செருப்பைக் கழட்டிட்டு நிக்கலாம்.

சுற்றுகள் ஏற ஏற இந்த மரப்பு டிரிப் முடிஞ்சும் போகாம நிக்கும். அடுத்த டிரிப் வரும்போதும் பட்டன் போட முடியலை, செருப்பு நழுவினது தெரியலை என்றால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லணும். மறைச்சா அது நிரந்தரமாகிடும். அவங்க சொல்ல மாட்டாங்க, நீங்க பார்த்துச் சொல்லுங்க.

பழனி நடை இந்த வருஷம் வேண்டாம். வெறுங்காலில் தார் ரோட்டுச் சூடும் உரசலும் டாக்டர் சொன்ன அந்தத் தோலுக்கு நேர் எதிரி. அதோட கூட்டம், வழியில் கிடைக்கிற தண்ணீரைக் குடிக்கிறது, நாள் கணக்கில் நடை. வெள்ளை அணு குறைஞ்ச நேரத்தில் இது ஆகாது. காவடியை வேற யாராவது கொண்டு போகட்டும். இடைவெளி வாரத்தில் ரத்த எண்ணிக்கை சரியா இருந்தா கூட்டமில்லாத நாளாப் பார்த்து வண்டியில் போய்க் குன்றக்குடி முருகனைக் கும்பிட்டு வரலாம். அங்கேயும் படியேற வேண்டாம், அடிவாரத்தோட சரி.

மருந்துக்கடை_செக்காலை

கைரேகை விஷயம் உண்மைதான். விரல் நுனித் தோல் உரிந்து வழவழப்பானால் மெஷின் பிடிக்காது. கேப்சிடபின் போட்ட ஒருவரை 2008-இல் ரேகை விழவில்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்தி வைத்தது மருத்துவ இதழிலேயே வந்திருக்கு. பெரும்பாலும் மருந்து முடிந்த பிறகு திரும்பி வரும். அதுவரைக்கும் ரேஷன் கடைக்குக் கார்டில் பெயர் உள்ள வேறு யாராவது போய் ரேகை வைக்கலாம். கண் கருவிழி மெஷின் இருக்கும் கடையில் அதைக் கேளுங்க. பென்ஷன் வாங்குறவங்களா இருந்தால் வாழ்வுச் சான்றிதழை போனில் முகம் காட்டிப் பதிவு செய்யும் வசதி இருக்கு. இப்போதே ஆதாரில் சரியான மொபைல் எண் இருக்கான்னு பார்த்துக்குங்க, ரேகை விழாத நாளில் ஓ.டி.பி. தான் கைகொடுக்கும். இல்லை என்றால் ரேகை இருக்கும்போதே, முதல் சுற்றுக்கு முன்னாடி, ஆதார் வேலை செய்து தரும் இ-சேவை மையத்தில் மாற்றிடுங்க.

மிஞ்சின மாத்திரை பற்றி யாரும் கேட்கலை, நானே சொல்லிடறேன். அளவு குறைத்தாலோ நடுவில் நிறுத்தினாலோ அட்டை மிஞ்சும். குப்பையிலோ கழிப்பறையிலோ ஊருணியிலோ போடாதீங்க, வீட்டில் எரிக்கவும் கூடாது. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி இந்த வகை மருந்துக்கு மருத்துவமனையில் தனி மஞ்சள் பை உண்டு, 1200 டிகிரிக்கு மேல் எரிக்கணும். அடுத்த தடவை மதுரை போகும்போது சிஸ்டர் சொன்ன கவரையும் மிஞ்சின அட்டையையும் சேர்த்து டிரிப் அறையிலேயே கொடுத்துடுங்க. வேறு நோயாளிக்கு உதவட்டும் என்று தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கவும் வேண்டாம், அவங்க அளவு வேற, சிறுநீரகம் வேற.

கொத்தமங்கலம்_பேரன்

ஆதாரில் பழைய நம்பர்தான் இருக்கு, சனிக்கிழமை இ-சேவைக்குக் கூட்டிட்டுப் போறேன். டி.பி.டி. டெஸ்ட் பற்றியும் 44 கணக்கைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுட்டு என்ன சொன்னாங்கன்னு இங்கே எழுதறேன்.